ஏலத்தில் மலிவு எங்கே இருக்கிறது?

மலிவாக ஒரு பொருள் கிடைக்கிறது என்றால் நான் எங்கும் போவேன். அரசாங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கண்டம் செய்த மேஜை நாற்காலிகளை அலுவலகங்கள் ஏலம் விடும் நாள், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் இறங்கும் காலை என்று எழுபதைத் தாண்டியும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். "சார், ஏலத்தில் மலிவாக எடுப்பது எப்படி?" என்று கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள் கேட்பார்கள். எந்த வகை ஏலம் என்று முதலில் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஒவ்வொரு வகைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மலிவு எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பது அந்தச் சரித்திரத்தில் இருக்கிறது.

ஏலம் என்ற சொல்லே வெளியிலிருந்து வந்ததுதான். போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' நம் கடற்கரையில் இறங்கி ஏலமாகியது. வடக்கே அதுவே 'நீலாம்' ஆயிற்று. அவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் அரபிகள். அரபியில் அதன் மூலத்துக்கு 'அறிவித்தல்' என்று பொருள். பள்ளியில் பிரெஞ்சில் படித்த எனக்கு முதலில் தெரிந்த சொல் 'ஆன்ஷேர்'. 'ஷேர்' என்றால் விலை கூடியது. ஆகவே 'ஆன்ஷேர்' என்றால் விலையை ஏற்றிவிடுவது. மலிவு தேடிப் போகும் இடத்துக்குப் பெயரே இப்படி! இதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

நமக்கெல்லாம் தெரிந்தது விலை ஏறிக்கொண்டே போகும் ஏலம். ரோமாபுரியில் போரில் பிடித்த கொள்ளைப் பொருளை, மண்ணில் ஓர் ஈட்டியை நட்டு அதன் கீழ் ஏலம் விட்டார்கள். அந்த ஊரில் நடந்த பெரிய ஏலம் கி.பி. 193இல் நடந்தது. பேரரசரின் மெய்க்காவல் படையே பேரரசர் பெர்தினாக்ஸைக் கொன்றுவிட்டு, அரியணையை ஏலம் போட்டது. படை முகாமுக்கு உள்ளே இருந்து சுல்பிசியானுஸ் கேட்கிறார். வாசலுக்கு வெளியே நின்று திதியுஸ் யூலியானுஸ் கேட்கிறார். ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் என்று உள்ளே இருந்தவர் சொன்னதும், வெளியே இருந்தவர் ஒரே தாவலில் 25,000 என்றார். ராஜ்யம் அவருக்கு முடிந்தது. அறுபத்தாறு நாள் ஆண்டார். பிறகு தலை போயிற்று.

யூலியானுஸ் மனத்தில் அரியணைக்கு ஒரு விலை இருந்திருந்தால் இப்படித் தாவியிருப்பாரா? எதிராளியின் குரல்தான் அவர் விலையைத் தீர்மானித்தது. பிரெஞ்சுச் சட்டத்தில் 'ஃபோல் ஆன்ஷேர்' என்று ஒரு பழைய சொல் உண்டு. 'பைத்தியக்கார ஏலம்' என்று பொருள். ஆவேசத்தில் ஏற்றிக் கேட்டுவிட்டுப் பணம் கட்ட முடியாதவனுக்கு அந்தப் பெயர். பொருளை மறுபடி ஏலம் விடுவார்கள். விலை குறைந்தால் வித்தியாசத்தை அவன் தலையில் கட்டுவார்கள். இன்று நம் அலுவலகங்களில் முன்வைப்புத் தொகை வாங்குவதற்கும் காரணம் இதுதான். ஆகவே ஏறும் ஏலத்துக்குப் போகும் முன் நான் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு தொகையை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் வாய் திறப்பதில்லை.

அடுத்தது, ஏலம் எப்போது முடிகிறது என்பது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்பது பிந்தி வந்த வழக்கமல்ல என்று நினைப்போம். ஆனால் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சிறு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து ஏலம் விட்டார்கள். சுடர் அணையும் கணத்தில் யார் கேட்ட விலை நிற்கிறதோ அவருக்குப் பொருள். கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1662இல் கப்பல்கள் இப்படி ஏலம் போனதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் சரியாகக் கடைசி நொடியில் கேட்டு வெல்கிறார். எப்படி என்று பீப்ஸ் விசாரித்தார். சுடர் அணையப் போகும்போது புகை மேலே போகாமல் கீழே இறங்கும். அதைப் பார்த்துக் கேட்கிறேன் என்றாராம் அவர்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஓட்டையை அடைத்தார்கள். நொத்தேர் முன்னால் வீடு, நிலம் ஏலம் போகும்போது சிறு திரிகளை ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் அரை நிமிடம் போல எரியும். ஒருவர் கேட்டபின் இரண்டு திரிகள் அடுத்தடுத்து, வேறு யாரும் கேட்காமலே அணைந்தால்தான் அவருக்கு முடிவாகும். இடையில் யாராவது கூட்டிக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. புகையைப் பார்த்துக் காத்திருப்பவனுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை.

இன்று என் பேரன் கணினியில் பார்க்கும் ஏலங்களிலும் இதே இரண்டு வகைதான். குறித்த நேரத்தில் டக்கென்று மூடும் ஏலத்தில், கடைசி நொடி வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பவர் புகை பார்த்த ஆசாமியின் வாரிசு. அரசாங்கத்தின் மின்னணு ஏலங்களிலோ கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளுகிறது. அது பிரெஞ்சுத் திரி. நிபந்தனைத் தாளில் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும்.

ஏலச் சரித்திரத்தில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நம் பக்கத்துத் தறிகளில் நெய்த துணி இங்கிருந்து கப்பலேறி, பிரெஞ்சுக் கம்பெனியின் ஏலத்தில்தான் விலைபோனது. முதலில் நாந்த் நகரில். 1734 முதல் லோரியான் துறைமுகத்தில். லோரியான் என்ற பெயருக்கே 'கிழக்கு' என்றுதான் அர்த்தம். அங்கே சரக்கை லாட் லாட்டாகப் பிரித்து விற்றார்கள். லாட் பெரிதாக இருந்தால் சின்ன வியாபாரி ஒதுங்கிவிடுவான். போட்டி குறையும், பெரிய கைக்கு விலை சாதகமாகும். கண்டம் செய்த நாற்காலிகளை இருபது இருபதாக ஒரே லாட்டில் விடும்போதும் இதே கதைதான். ஒரு நாற்காலி தேவைப்படுபவர் திரும்பிப் போவார். நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு லாட்டை எடுத்துப் பிரித்துக்கொண்டதுண்டு. என் முன்னறையில் இருக்கும் தேக்கு நாற்காலி அப்படி வந்தது.

நாலு பேர் சேர்ந்து ஒரு லாட்டை எடுப்பது வேறு. நாலு வியாபாரிகள் சேர்ந்து நீ கேட்காதே, நான் கேட்கிறேன் என்று வெளியே டீக்கடையில் பேசி முடிப்பது வேறு. பின்னதை நாம் சிண்டிகேட் என்கிறோம். 1810ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 412வது பிரிவு, ஏலத்தில் பிறர் சுதந்திரமாகக் கேட்பதைத் தடுப்பவருக்குத் தண்டனை விதித்தது. இங்கிலாந்தில் 1927இல்தான் வியாபாரிகளின் இந்தக் கூட்டுக்குத் தனிச் சட்டம் வந்தது. சாராயக்கடை, கள்ளுக்கடை ஏலங்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மண்டபம் நிறையக் கூட்டம் இருக்கும். வாய் மட்டும் திறக்காது. போதிய விலை வராததால் ஏலம் ஒத்திவைக்கப்பட்டது என்று கோப்பில் எழுத வேண்டியதுதான். அங்கே மலிவாகப் போவது பொதுஜனத்தின் பணம்.

ஏறுவதற்குப் பதிலாக விலை இறங்கும் ஏலமும் உண்டு. ஹாலந்தில் ப்ரூக் ஒப் லாங்கெண்டைக் என்ற ஊரில் 1887இல் காலிஃபிளவர் விற்கத் தொடங்கியது இந்த முறை. தோட்டக்காரர்கள் படகில் காய்கறியோடு வருவார்கள். உயர்ந்த விலையில் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே வருவார்கள். முதலில் குரல் கொடுத்தவருக்குச் சரக்கு. பிறகு அதற்கு ஒரு கடிகாரமே வந்தது. ஆல்ஸ்மேர் பூ ஏலம் அந்தக் கடிகாரத்தால்தான் உலகப் புகழ் பெற்றது. இதில் எதிராளியின் குரலே கேட்காது. கேட்டால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். யூலியானுஸின் ஆவேசத்துக்கு இங்கே வேலையில்லை, பயத்துக்குத்தான் வேலை. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று பொறுப்பவனுக்கு மலிவும் கிடைக்கலாம், வெறுங்கையும் கிடைக்கலாம்.

மூடி முத்திரையிட்ட உறை எங்கள் எழுத்தர் இனத்துக்கு நெருக்கமானது. யார் என்ன எழுதினார் என்று பெட்டி திறக்கும்வரை தெரியாது. இரண்டாவது ஆள் ஐம்பதாயிரம் எழுதியிருக்க, நீங்கள் எண்பதாயிரம் எழுதியிருந்தால் முப்பதாயிரம் வீண். ஜெர்மன் கவிஞர் கேதே 1797இல் தம் காவியம் ஒன்றை விற்க ஒரு தந்திரம் செய்தார். தாம் எதிர்பார்க்கும் தொகையை எழுதி உறையில் இட்டு ஓர் இடைநிலை ஆளிடம் கொடுத்தார். பதிப்பாளர் அதைவிடக் குறைவாகச் சொன்னால் பேரம் இல்லை. கூடச் சொன்னால் உறையில் உள்ள தொகையை மட்டும் கொடுத்தால் போதும். பதிப்பாளருக்கு அந்தக் காவியம் எவ்வளவு பெறும் என்பதை இப்படி அறிய நினைத்தார். பதிப்பாளரோ உறையில் இருந்தபடியே மிகச் சரியாக 1,000 தாலர் என்றார்! இடையில் இருந்தவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. 1961இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் விக்ரி இதையொட்டிய முறையைக் கணக்குப் போட்டு விளக்கினார்: அதிகம் எழுதியவருக்குப் பொருள், ஆனால் இரண்டாவது ஆள் எழுதிய விலைக்கு. 1996இல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள்; மூன்றே நாளில் காலமானார். எத்தனை நல்ல விதி எழுதினாலும் உறையை வைத்திருப்பவன் யோக்கியனாக இருந்தால்தான் அது விதி. முப்பத்துச் சொச்ச வருஷம் பெட்டிச் சாவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

கடைசியாக நம் ஏலச்சீட்டு. இருபது பேர், மாதம் 5,000, சீட்டு ஒரு லட்சம் என்று வையுங்கள். ஒருவர் முப்பதாயிரம் தள்ளி எடுக்கிறார். சீட்டு நடத்துபவருக்கு 5,000 போக மீதி 25,000த்தை இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,250. எங்கள் தெருச் சீட்டில் ஒரு மாதம் இப்படித்தான் வந்தது. தள்ளி எடுத்தவர் பையனுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய ஒரு விதவைத் தாய். என் மனைவி பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "இது அந்தம்மா அவசரத்துக்கு வந்த வட்டி" என்றாள். நியாயமான பணம்தான்; தம் முறை வரும்போது நாங்களும் தள்ளியிருக்கிறோம். ஆனாலும் ஏலத்தில் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதை எந்தப் பேராசிரியரும் அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

செய்தித்தாளில் பக்கம் பக்கமாக வருமே, அடகு நகை ஏல அறிவிப்பு, அதற்கு மட்டும் நான் போவதில்லை. கடனும் வட்டியும் கழித்து மிஞ்சுவது நகைக்காரருக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அங்கே நான் அடித்துப் பேசும் ஒவ்வொரு நூறு ரூபாயும் அவர் கைக்குப் போகாத நூறு ரூபாய். கண்டம் செய்த நாற்காலிக்கு அப்படி அழுவதற்கு ஆள் இல்லை. ஆகவே நான் நாற்காலியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் முன்னால் திரி ஏற்றி ஏலம் போனதை நம் ஊரிலோ காரைக்காலிலோ பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.