லுக்ரீசியஸ்

டைட்டஸ் லுக்ரீசியஸ் காரஸ் (ஏறத்தாழ கி.மு. 99–55) ரோமக் குடியரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த லத்தீன் கவிஞர். அவர் பெயரில் இன்று இருப்பது 'பொருள்களின் இயல்பு' என்னும் ஒரே நூல். ஆறு பாகங்கள், ஏறத்தாழ 7,400 அடிகள். உலகம் அணுக்களாலும் வெற்றிடத்தாலும் ஆனது, உடலோடு உயிரும் அழியும், ஆகவே சாவுக்கோ தெய்வங்களுக்கோ அஞ்ச வேண்டியதில்லை என்ற கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் கொள்கையை மெம்மியஸ் என்ற ரோமப் பிரமுகருக்கு எடுத்துச் சொல்வதாக அமைந்த நூல் அது.

கவிஞரின் வாழ்க்கை வரலாறாக நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததோ வேறு. வசிய மருந்தால் புத்தி பேதலித்தார், தெளிவு வந்த வேளைகளில் எழுதினார், 44ஆம் வயதில் தற்கொலை செய்துகொண்டார் என்பது அந்தக் கதை. அவர் இறந்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு கிறித்தவ அறிஞர் ஜெரோம் எழுதிய சிறு குறிப்பே இதற்கு ஆதாரம். இதை நம்ப இடமில்லை. கி.மு. 54 பிப்ரவரியில் ரோமச் சொற்பொழிவாளர் சிசரோ தம் தம்பி குயிண்டஸுக்கு எழுதிய கடிதம் லுக்ரீசியஸின் மேதைமையையும் கலைத்திறனையும் மெச்சுகிறது. பித்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஜெரோமுக்கு முன்பே கவிஞரைக் கடுமையாகச் சாடிய கிறித்தவ எழுத்தாளர் லக்டான்டியஸ், அவர் உளறுகிறார் என்று ஏசியபோதும் வசிய மருந்தையோ தற்கொலையையோ குறிப்பிடவில்லை. கைக்கு எட்டிய இத்தகைய ஆயுதத்தை எந்த எதிராளி விட்டுவைப்பார்? ஜெரோம் பழைய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸிடமிருந்து இதை எடுத்திருக்கலாம் என்பர் சிலர். அவரும் கவிஞருக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவர்தாம். ஏதென்ஸ் கொள்ளைநோயின் கோரத்தோடு நூல் முடிவதைக் கலங்கிய மனத்தின் அடையாளம் என்பதும் பொருந்தாது. அந்தப் பகுதி துசிடிடீஸ் எழுதிய வரலாற்றை அடியொற்றியது. நூலின் நான்காம் பாகத்தில் காதல் வெறியை லுக்ரீசியஸ் கண்டித்திருப்பதிலிருந்தே இக்கதை முளைத்திருக்கக்கூடும். ஆனால் அதன் தீங்கு பெரிது: கவிஞர் பித்தர் என்றாகிவிட்டால், சாவைக் குறித்த அவருடைய வாதங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லாமல் போகிறது.

நூலின் பிற்கால வரலாறு அவ்வாதங்களின் வலிமையைக் காட்டுகிறது. ரோமக் கவிஞர் விர்ஜிலின் கவிதைகளில் அதன் தாக்கம் ஆழமானது. இடைக்காலத்தில் ஏறக்குறைய மறக்கப்பட்ட அது, 1417இல் இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ பிராச்சியோலினியின் கண்ணில் பட்டு மீண்டும் உலவத் தொடங்கி, 1473 அளவில் அச்சேறியது. அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி அதைத் தம் கையாலேயே படியெடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி பியேர் கசாந்தி அணுக்கொள்கைக்குப் புத்துயிர் அளித்தபோது அவருக்கு இக்கவிதையும் துணைநின்றது. நூலின் மிகப் பழைய முழுமையான பிரதிகள் இரண்டு, கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.