வீடியோ கேம் மீது விழுந்த பழி: ஆவணப்படம் எடுக்கும் மாணவர்களுக்காக ஒரு வரலாற்றுக் குறிப்பு



சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆற அமர வாசியுங்கள்.

மேல்நிலை வகுப்பில் என்னிடம் வரலாறு படித்த இரண்டு பேர், இப்போது வேலைக்குப் போகிறவர்கள், விடுமுறை நாட்களில் ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கைப்பேசிதான் கேமரா. வீட்டு மடிக்கணினியில்தான் எடிட்டிங். 'வன்முறை வீடியோ கேம்கள் பிள்ளைகளைக் கொலைகாரர்கள் ஆக்கிவிடும்' என்ற அச்சம் எங்கே தொடங்கியது, எப்படிப் பரவியது என்பதுதான் படத்தின் பொருள். இந்தக் கதையின் பெரும்பகுதி நடந்தது அமெரிக்காவில். "சார், வரலாற்றுப் பின்னணியை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதியதை இங்கேயும் போடுகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருக்கும் எல்லோருக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் 'மாரல் பேனிக்' என்பார்கள். தமிழில் ஒழுக்கப் பீதி என்று சொல்லலாம். 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் 'மாட்ஸ்', 'ராக்கர்ஸ்' என்ற இரண்டு இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. நடந்தது சிறு கலாட்டா. பத்திரிகைகளோ ஊரே சூறையாடப்பட்டதுபோல எழுதின. இதை ஆராய்ந்த சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972-ல் ஒரு நூல் எழுதினார். அதன் பிறகுதான் இந்தச் சொல் பரவலானது. அவர் சொன்னதன் சாரம் இது: சமூகத்துக்கு ஒரு கவலை வருகிறது. அதற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. ஏதோ ஒரு கூட்டமோ பொருளோ அந்த முகமாக மாட்டிக்கொள்கிறது. பத்திரிகை, அரசியல்வாதி, நிபுணர் எல்லோரும் சேர்ந்து அதைப் பூதமாக்கிவிடுகிறார்கள். கவலை பொய் என்று கோஹன் சொல்லவில்லை. அளவு மீறிப் போகிறது, திசை தவறிப் போகிறது என்றுதான் சொன்னார். இந்த வித்தியாசத்தைப் படம் முழுக்க மறக்கக்கூடாது.

வீடியோ கேம் பிறப்பதற்கு முன்பே இதே நாடகம் ஒருமுறை நடந்துவிட்டது. அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றவை காமிக்ஸ் புத்தகங்கள். 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் சில ஊர்களில் பள்ளிகளே முன்னின்று காமிக்ஸ்களைக் குவித்துத் தீ வைத்தன. 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், இளம் குற்றவாளிகள் உருவாகக் காமிக்ஸ் ஒரு காரணம் என்று ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு செனட் துணைக்குழு முன்பு சாட்சியும் சொன்னார். பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே கடுமையான தணிக்கை விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். பல இதழ்கள் நின்றன.

இந்த வெர்தமைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரைக் கோமாளியாகக் காட்டுவது எளிது. பலர் அப்படித்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் இதே மனிதர்தான் 1946-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின ஏழை மக்களுக்காக, ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் மனநல மருத்துவமனை தொடங்கினார். கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கிய கட்டணம் 25 சென்ட். நிறவாரியாகப் பிரித்து நடத்தப்படும் பள்ளிகள் குழந்தைகளின் மனதைக் காயப்படுத்துகின்றன என்று டெலாவேர் மாநில வழக்கில் சாட்சி சொன்னவரும் இவரே. அந்த வழக்கு பின்னர் புகழ்பெற்ற பிரவுன் வழக்கோடு சேர்க்கப்பட்டது. 1954 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. காமிக்ஸுக்கு எதிராக அவர் போரிட்டதும் அதே ஆண்டில்தான். பிள்ளைகள் மீது உண்மையான அக்கறை கொண்ட மனிதர் அவர்.

ஆனாலும் அவருடைய நூலில் கோளாறு இருந்தது. அவருடைய கையெழுத்துக் குறிப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 2010-ல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இலினாய் பல்கலைக்கழகத்தின் கரோல் டில்லி அவற்றை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்து 2012-ல் கட்டுரை வெளியிட்டார். சில சிறுவர்களின் வயது மாற்றப்பட்டிருந்தது. பலர் சொன்னது ஒருவர் சொன்னதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஒருவர் சொன்னது பலர் சொன்னதாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளின் வாழ்க்கையில் இருந்த மற்றத் துயரங்கள் விடப்பட்டு, காமிக்ஸ் மட்டும் மிஞ்சியிருந்தது.

படம் எடுக்கும் தம்பிகள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். வயதை மாற்றுவதை விடுங்கள், அதை நீங்கள் செய்யமாட்டீர்கள். ஆனால் ஒருவர் சொன்ன பதிலில் பாதியை வெட்டுவது, இருவர் பேச்சை ஒரே கருத்துபோல ஒட்டுவது, நம் கட்சிக்கு உதவாத வரியை விட்டுவிடுவது, இவையெல்லாம் எடிட்டிங் மேசையில் நாள்தோறும் நடப்பவை. நல்ல நோக்கம் இருந்தால் சான்றைக் கொஞ்சம் வளைக்கலாம் என்று தோன்றும். வெர்தமுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.

இனி வீடியோ கேமுக்கு வருவோம். முதல் பெரிய கூச்சல் 1976-ல். எக்ஸிடி என்ற நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற இயந்திரத்தை விளையாட்டுக் கூடங்களுக்கு விட்டது. கறுப்பு வெள்ளைத் திரை. காரை ஓட்டிக் குச்சி உருவங்களை இடிக்க வேண்டும். இடித்தால் ஓர் அலறல், திரையில் ஒரு சிலுவைக் கல்லறை. அவை மனிதர்களல்ல, பூதங்கள் என்றது நிறுவனம். யாரும் ஏற்கவில்லை. பத்திரிகைகள் எழுத எழுத அந்த இயந்திரத்துக்குக் கிராக்கி கூடியது. 1981-ல் ஃபிலிப்பைன்ஸில் மார்கோஸ் அரசு வீடியோ கேம் இயந்திரங்களையே நாடு முழுக்கத் தடை செய்தது.

அடுத்தது 1993. 'மோர்ட்டல் கோம்பாட்' என்ற சண்டை விளையாட்டு வீடுகளுக்கு வந்த ஆண்டு. நிஜ நடிகர்களைப் படம்பிடித்துச் செய்தது என்பதால் ரத்தம் நிஜம்போலத் தெரிந்தது. டிசம்பர் 9 அன்று செனட்டர்கள் ஜோசஃப் லீபர்மன், ஹெர்ப் கோல் தலைமையில் விசாரணை. அங்கே 'நைட் ட்ராப்' என்ற இன்னொரு விளையாட்டின் காட்சியும் காட்டப்பட்டது. அதில் ஒரு பெண் தாக்கப்படுவாள். பெண்களைத் தாக்கும் விளையாட்டு என்ற எண்ணமே பார்த்தவர்களுக்கு வந்தது. உண்மையில் அந்த விளையாட்டில் ஆடுபவரின் வேலை பெண்களைக் காப்பாற்றுவது. காட்டப்பட்டது, ஆடுபவர் தோற்றால் வரும் காட்சி. இதுவும் எடிட்டிங் பாடம்தான்.

இந்த விசாரணையால் ஒரு நல்லதும் நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1994-ல் விளையாட்டு நிறுவனங்கள் சேர்ந்து வயதுவாரித் தரச்சான்று வாரியம் அமைத்தன. எந்த விளையாட்டு எந்த வயதுக்கு என்று அட்டையில் பார்த்துப் பெற்றோர் வாங்க முடிந்தது. தற்செயலாக, விசாரணைக்கு மறுநாள்தான் 'டூம்' என்ற துப்பாக்கி விளையாட்டு வெளியானது. ஆறு ஆண்டுகள் கழித்து அந்தப் பெயர் உலகம் முழுக்க ஒலித்தது.

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் மேல்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்று, தாங்களும் சுட்டுக்கொண்டார்கள். இருவரும் டூம் ஆடியவர்கள். செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சில, விளையாட்டு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டன. 2002-ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் கையில் கிடைத்த காரணத்தைப் பற்றிக்கொண்டதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனவற்றைப் பாருங்கள். அந்த இருவரில் ஒருவன் இணையத்தில் கொலை மிரட்டல் எழுதியிருந்ததை ஒரு குடும்பம் 1998-லேயே காவல் துறையிடம் புகார் செய்திருந்தது. வீட்டைச் சோதனையிட நீதிமன்ற அனுமதி கேட்கும் மனுவின் வரைவுகூடத் தயாரானது. அது தாக்கல் செய்யப்படவேயில்லை. இன்னொருவன், சம்பவத்துக்குச் சில வாரங்களுக்கு முன், எழுத்துப் பயிற்சி வகுப்பில் ஒரு கொலைக் கதை எழுதிக் கொடுத்திருந்தான். படித்த ஆசிரியை கலங்கிப்போய்ப் பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் சொன்னார். அதற்கு மேல் அது நகரவில்லை.

கொலம்பைனுக்குப் பிறகு அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களையும், அவற்றில் ஈடுபட்ட 41 பேரையும் ஆராய்ந்து 2002-ல் அறிக்கை வந்தது. இந்தப் படத்துக்கு ஒரே ஓர் ஆவணம்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள் என்பேன்.

வன்முறை வீடியோ கேம்களில் ஈடுபாடு காட்டியவர்கள் 12 சதவீதம்.
வன்முறைப் படங்களில் ஈடுபாடு காட்டியவர்கள் 27 சதவீதம்.
தாங்களே எழுதிய கவிதை, கட்டுரை, நாட்குறிப்பில் வன்முறையைக் காட்டியவர்கள் 37 சதவீதம்.
தாக்குதலுக்கு முன் துன்புறுத்தலுக்கோ கேலிக்கோ ஆளானதாக உணர்ந்தவர்கள் 71 சதவீதம்.
தற்கொலைக்கு முயன்றவர்கள் அல்லது அந்த எண்ணத்தில் இருந்தவர்கள் 78 சதவீதம்.
தன் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ துப்பாக்கி எடுத்தவர்கள் 68 சதவீதம்.
10 சம்பவங்களில் 8-க்கு, முன்கூட்டியே விஷயம் தெரிந்த ஒருவராவது வெளியில் இருந்தார்.

நான் ஆசிரியனாக இருந்தவன் என்பதால் மூன்றாவது வரியில் என் கண் நிலைத்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் தங்கள் மனதை எழுதிக் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி பள்ளிக்கூட நோட்டிலேயே இருந்தது. பெரியவர்கள் எல்லோரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இரு தரப்பையும் படத்தில் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வன்முறை விளையாட்டு ஆடியவர்கள், அடுத்தவர் காதில் கேட்கும் இரைச்சலைச் சற்று அதிகமாக வைத்தார்கள் என்பதுபோன்ற முடிவுகள் உண்டு. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொன்னது இது: கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறு தொடர்பு தெரிகிறது, ஆனால் வன்முறைக் குற்றங்களுக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய சான்று இல்லை. 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சுமார் 1,000 பிரிட்டிஷ் பதின்வயதினரையும் அவர்களுடைய பெற்றோரையும் கேட்டறிந்து, விளையாட்டுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணவில்லை என்றார்கள். அமெரிக்காவில் சிறார் வன்முறைக் கைதுகள் 1994-ல் உச்சம் தொட்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கின. விளையாட்டு விற்பனை ஏறிய அதே காலம். அதற்காக விளையாட்டுதான் குற்றத்தைக் குறைத்தது என்று சொல்லிவிடாதீர்கள். எதிர்க்கட்சி செய்த தப்பை நாம் தலைகீழாகச் செய்ததாகிவிடும்.

சட்டமும் வந்து பார்த்தது. வன்முறை விளையாட்டுகளைச் சிறார்களுக்கு விற்கத் தடை விதித்துக் கலிஃபோர்னியா 2005-ல் சட்டம் போட்டது. கையெழுத்திட்ட ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர்! அவருடைய படங்களில் எத்தனை பேர் சுடப்பட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2011-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, பாட்டிகள் சொல்லும் கிரிம் சகோதரர்களின் கதைகளில் இல்லாத கொடூரமா என்று நினைவூட்டினார்.

ஆனாலும் பழி போகவில்லை. 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ நகரில் ஒரு வால்மார்ட் கடையிலேயே துப்பாக்கிச் சூடு நடந்தது. அதிபர் டிரம்ப் கொடூர வீடியோ கேம்களைச் சாடினார். வால்மார்ட் தன் கடைகளில் வன்முறை விளையாட்டுகளின் விளம்பரங்களையும் செயல்விளக்கத் திரைகளையும் அகற்றச் சொன்னது. அந்த நாளில் அதே கடைகளில் துப்பாக்கி விற்பனை தொடர்ந்தது. இதை விளக்க உங்கள் படத்துக்குக் குரல் விளக்கம் தேவைப்படாது. இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துக் காட்டினால் போதும்.

நம் நாட்டிலும் ஒரு சிறு அத்தியாயம் உண்டு. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி விளையாட்டைக் காவல் துறை தடை செய்து, கைப்பேசியில் அதை ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் கைது செய்தது. கல்லூரி மாணவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளை முடக்கியபோது சொன்ன காரணம் வேறு: நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ பிள்ளை விடிய விடிய ஆடட்டுமா?" என்று என் தங்கை மகள் கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். தூக்கம் கெடுவது, படிப்பு கெடுவது, விளையாட்டுக்குள் பணம் கட்டி இழப்பது, விட முடியாத அளவுக்கு அடிமையாவது, இவையெல்லாம் நிஜம். கடைசியாகச் சொன்னதை உலக சுகாதார நிறுவனமே 2019-ல் ஒரு கோளாறாக ஏற்றது. ஆனால் இவை வேறு கேள்விகள். 'கொலைகாரன் ஆகிவிடுவான்' என்ற ஒரே பூதத்துக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைத்தால், தீர்க்கக்கூடிய சிக்கல்களும் தீராமல் போகும். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினாலே உங்கள் படம் பாதி வெற்றி.

பயந்துபோன பெற்றோரைப் படத்தில் கேலி செய்யாதீர்கள். கேள்வி கேட்டவர்கள் அவர்கள். தவறான பதிலைக் கொடுத்து அனுப்பியவர்கள் வேறு ஆட்கள்.

உறவினர்களுக்கும், இன்று பெற்றோராகவும் ஆசிரியர்களாகவும் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை என்ன விளையாடுகிறான் என்று பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் யாரோடு பேசுகிறான், பள்ளியில் யார் அவனைச் சீண்டுகிறார்கள், ஏன் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன கிறுக்கியிருக்கிறான் என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள். திட்டுவதற்காகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா இது?" என்று கேளுங்கள்.

உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்தும் வரட்டும்.

அனைவரும் நலமுடன் வாழ்க.