சப்பாத்து, வாத்து, பிளாஸ்டிக் மணி

1990 மே மாதம் கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த 'ஹன்சா கரியர்' கப்பல் பசுபிக்கில் புயலில் மாட்டிக்கொண்டது. 21 கொள்கலன்கள் கடலுக்குள் விழுந்தன. அதில் 5 கொள்கலன்களில் இருந்தவை நைக்கி சப்பாத்துகள், 60,000இற்கும் மேல். மாதக்கணக்கில் மிதந்து ஒரிகன், வாஷிங்டன் கரைகளில் ஒதுங்கின. கழுவிக் காயவைத்தால் போடலாம். ஒரே பிரச்சினை, சோடிகள் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கவில்லை. ஒருவரிடம் இடக்கால், இன்னொருவரிடம் வலக்கால். கரையில் பொருள் பொறுக்குகிற சனம் ஓரிடத்தில் கூடி, மாற்றி மாற்றிச் சோடி சேர்த்தது.

இந்தச் செய்தி வந்த பத்திரிகையைச் சியாட்டிலில் இருந்த கடலியலாளர் கேர்ட்டிஸ் எப்ஸ்மெயருக்குக் காட்டியது அவருடைய அம்மா. அவருக்கு இது புதையல். நீரோட்டத்தை அறிய ஆய்வாளர்கள் போத்தல்களைக் கடலில் விட்டுப் பார்ப்பது வழக்கம். இங்கே ஒரு கப்பல் தற்செயலாகவே பல்லாயிரம் மிதவைகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறது. ஒவ்வொரு சப்பாத்திலும் எண் இருந்தது. அதை வைத்து எந்தக் கொள்கலனில் வந்தது, எங்கே விழுந்தது என்று பிடிக்க முடிந்தது. கரையில் பொறுக்கியவர்கள் சொன்ன இடமும் நாளும்தான் அவருடைய தரவு.

1992 ஜனவரியில் இன்னொரு கப்பலிலிருந்து 28,800 குளியல் பொம்மைகள் விழுந்தன. மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. அந்த நவம்பரிலேயே அலாஸ்காவின் சிற்காக் கரைக்கு வரத் தொடங்கிவிட்டன. றப்பர் வாத்து என்று உலகமே செல்லமாச் சொல்லுது, ஆனால் அது பிளாஸ்டிக். இந்தக் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கான கதை மாதிரிச் சொல்லிச் சொல்லியே, கப்பலிலிருந்து விழுகிற சரக்கை நாங்கள் வேடிக்கையாகப் பார்க்கப் பழகிட்டம் எண்டுதான் எனக்குப் படுது.

எங்கட கரைக்கு வந்தது வாத்து இல்லை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள், நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள். வாளி, கதிரை, போத்தல் எல்லாம் செய்வதற்கு உருக்குகிற மூலப்பொருள் இது, பருப்பளவுதான் இருக்கும். நீர்கொழும்புப் பக்கம் கரை வெள்ளையாய்க் கிடந்தது. செத்த ஆமைகள் ஒதுங்கின. மீன்பிடிக்குத் தடை வந்தது. கடற்படையும் தொண்டர்களும் மணலை அள்ளிச் சல்லடையில் அரித்தார்கள். சப்பாத்தைக் குனிந்து எடுக்கலாம். இதை எப்படி எடுக்கிறது? சிலது கருகிக் கட்டியாகியிருந்தது, மிச்சம் மணலோடு மணல். அரித்து முடித்த இடத்தில் அடுத்த அலை இன்னொரு பிடியைப் போட்டுவிட்டுப் போகும்.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. நாலு வருசம் பிடித்தது அதற்கு. அந்தக் கப்பல் எல்லாருடைய கண்முன்னாலும் எரிந்தது, அதனால் யார் எவர் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னரே மன்னார்க் கரையில் மறுபடியும் வெள்ளை மணிகள். மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் 'எம்எஸ்சி எல்சா 3' மூழ்கியிருந்தது. அதிலிருந்து வந்தவை என்று சொன்னார்கள். நைக்கிச் சப்பாத்தில் எண் இருந்தது. மணியில் ஒன்றுமே எழுதியிருக்காது.