'வித்' ஒரு காலத்துல எதிரி

இந்த எபிசோடுல ஒரே ஒரு குட்டிச் சொல்தான்: 'வித்'. "ஐ ஃபாட் வித் ஹிம்"னு ஒருத்தன் சொன்னா, அந்த ஆள் இவன் பக்கம் நின்னு சண்டை போட்டானா, இல்ல இவனையே எதிர்த்தானா? ரெண்டு மாதிரியும் எடுத்துக்கலாம். இந்தக் குழப்பத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல வயசு.

பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்றால் 'எதிராக', 'எதிரில்'. 'கூட' என்று சொல்ல வேறு சொல் இருந்தது: 'மிட்'. ஜெர்மன் கிளாஸ் போறவங்களுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். அங்கே இன்னைக்கும் அதேதான்.

இது வெறும் அகராதி விஷயம் இல்லை. ஆங்கிலோ-சாக்சன் குரோனிக்கிளில் 871ஆம் ஆண்டுப் பதிவை எடுத்துக்கோங்க. வெசெக்ஸ் மன்னர் எதெல்ரெட்டும் அவர் தம்பி ஆல்ஃபிரெடும் ஆஷ்டவுனில் போரிட்டது அதில் இருக்கு. யாரோட? டேனியப் படை 'வித்'. இன்றைய அர்த்தத்தில் படிச்சா, அண்ணனும் தம்பியும் படையெடுத்து வந்தவங்க பக்கம் சேர்ந்துட்டாங்கன்னு ஆயிடும்! நடந்தது நேர் எதிர்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். அதே பதிவின் கடைசியில் வெசெக்ஸ்காரர்கள் அந்தப் படையோடு சமாதானம் செய்துகொள்கிறார்கள். அங்கேயும் அதே 'வித்'. யோசிச்சுப் பாருங்க, சண்டைக்கும் எதிரில் ஆள் வேணும், ஒப்பந்தத்துக்கும் வேணும். நம்ம 'எதிர்கொள்' மாதிரி. பகைவனையும் எதிர்கொள்ளலாம், விருந்தாளியையும் வாசல்வரை போய் எதிர்கொண்டு அழைக்கலாம். 'எதிராக' மெல்ல 'கூட' ஆனது இந்த வழியாத்தான்னு எனக்குத் தோணுது. டேனியர்கள் பேசிய நார்ஸ் மொழியில் இதே சொல்லின் உறவுக்காரச் சொல் ரெண்டு பொருளிலும் புழங்கியது. அந்தத் தாக்கமும் இருக்கலாம்.

பாவம் 'மிட்', வழக்கொழிந்து போச்சு. ஆனா 'மிட்வைஃப்'ல இன்னும் உட்கார்ந்திருக்கு. அப்போ 'வைஃப்' என்றால் பொதுவா பெண். பிரசவ நேரத்தில் தாய்கூட இருக்கும் பெண், அவ்வளவுதான்.

பழைய 'வித்'தும் முழுசா சாகலை. 'வித்ஸ்டாண்ட்' என்றால் எதிர்த்து நிற்பது. 'வித்ட்ரா', 'வித்ஹோல்ட்' ரெண்டுலயும் பின்னோக்கி இழுப்பது. சந்தேகம் இருந்தா, வித்ஹோல்டிங் டாக்ஸ் பிடிச்ச பே-ஸ்லிப்பைப் பாருங்க. அந்தப் பணம் உங்ககூட வரவே வராது.