நடுவில் கூடும் வெளிச்சம்

அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். ஆமத்தூரில் கரண்ட் பிரச்சினை என்றால் எங்கள் தெருவில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிளக்கில் நுனியைச் செருகிப் பின்பக்கம் விரலை வைத்தால் உள்ளே செம்மஞ்சளாக ஒரு புள்ளி எரியும். "உள்ள என்னப்பா இருக்கு?" என்று கேட்டேன். "பல்புதான். ஆனா கம்பி கிடையாது" என்றார். கம்பி இல்லாமல் எது எரிகிறது என்று தெரிந்துகொள்ள நான் இன்ஜினியரிங் படிக்க வேண்டியிருந்தது. எரிவது நியான்.

நியான் 1898-ல் லண்டனில் கிடைத்தது. வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கிய ஆர்கானிலிருந்து முதலில் ஆவியாகி வந்த வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். குழாய் முழுக்கச் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. இரண்டு வருடம் கழித்து, ஜாம்செட்ஜி டாடா திட்டமிட்ட ஆய்வு நிறுவனத்துக்கு யோசனை சொல்ல ராம்சே இந்தியா வந்தார், பெங்களூரைப் பரிந்துரைத்தார். அதன் முதல் இயக்குநராக வந்த டிராவர்ஸ் 1914 வரை அங்கே இருந்தார். இன்று நான் ஆபீஸ் போகும் வழியில் அந்த இந்திய அறிவியல் கழகத்தின் மதில் வருகிறது. அப்பாவின் பையில் இருந்த வெளிச்சத்தை முதலில் பார்த்த இருவரில் ஒருவர் இந்த மதிலுக்குள் இருந்திருக்கிறார் என்று சிக்னலில் நிற்கும்போது நினைத்துக்கொள்வேன்.

1910-ல் ஜார்ஜ் கிளாட் பாரிஸில் நியான் குழாய்களைக் காட்சிக்கு வைத்தார். பிறகு அவை உலகமெங்கும் கடைப்பெயர்களாக வளைந்தன. அந்தக் குழாய்களில் வெளிச்சம் சுவர்வரை நிரம்பி நிற்கும். உள்ளே வாயுவின் அழுத்தம் மிகக் குறைவு என்பதே காரணம். அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நிரம்பி நின்ற ஒளி சுவரைக் கைவிட்டு, குழாயின் நடுவில் மெல்லிய நூலாகச் சுருங்கிவிடும்.

ஏன் சுருங்குகிறது? முதலில் தோன்றும் பதில், சூடு. குழாயின் நடுப்பகுதி சுவரைவிட அதிகமாகச் சூடாகும். சூடான இடத்தில் வாயு அடர்த்தி குறையும். அணுக்கள் விலகி நிற்பதால் எலக்ட்ரான்கள் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே அதிக வேகம் பெறும். அதிக அணுக்களை அயனியாக்கும். மின்னோட்டம் அங்கேயே கூடும். கூடினால் இன்னும் சூடு. புரோகிராம் எழுதுகிறவனுக்கு இது பழகிய ஆபத்து: தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே போகிற ஃபங்ஷன்.

ஆனால் மந்த வாயுக்களில் சூடு மட்டும் கணக்கை முடிப்பதில்லை. சுருக்கம் படிப்படியாக வராமல் தாவி வருகிறது. மின்னோட்டத்தைக் குறைத்தாலும், சுருங்கிய அதே இடத்தில் விரிவதில்லை. இன்னும் கீழே இறங்கினால்தான் விரிகிறது. 1962-ல் அமெரிக்காவின் கார்ல் கென்ட்டி இன்னொரு காரணத்தைக் காட்டினார். அழுத்தம் கூடும்போது அயனிகள் பக்கத்து அணுக்களோடு ஒட்டி இரட்டை அயனிகள் ஆகின்றன. எலக்ட்ரான்கள் அவற்றிடம் சுலபமாக மாட்டிக்கொள்ளும். நடுவில் பிறந்த எலக்ட்ரான் சுவரைச் சேருமுன் வழியிலேயே காணாமல் போகிறது. அதனால் ஓரம் இருண்டுவிடுகிறது. லெனின்கிராடில் கோலுபோவ்ஸ்கியும் அவரோடு வேலை செய்தவர்களும் இதைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருக்கும் நடுவில் அவை ஒன்றுக்கொன்று மோதி ஆற்றலைப் பகிர்ந்துகொள்வதும் அங்கே அயனியாக்கத்தை ஏற்றிவிடுகிறது.

இது வெறும் குழாய் வேடிக்கை இல்லை. பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-ல் கார்பன் டை ஆக்ஸைடு லேசரை உருவாக்கினார். இவ்வகை லேசர்களுக்கு மின்னிறக்கம் குழாயை நிரப்பி நிற்க வேண்டும். நூலாகிவிட்டால் லேசர் படுத்துவிடும். அதில் ஹீலியம் சேர்ப்பதற்கு ஒரு காரணம், அது நடுவின் சூட்டை வேகமாகச் சுவருக்குக் கடத்திவிடும் என்பது.

அப்பா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். கடும் வெயிலிலும் பருத்திச் சட்டைதான். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்னேற்றத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் அறைக்குள் போவார். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோன என்னைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார். "பாலிஸ்டர் சட்டை போட்டுக்கிட்டு இங்கன வராத தம்பி." அப்போது கோபமாக வந்தது.

காற்றில் பொறி பிறக்கும் விதம் வேறு. நியான் குழாயின் கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பொறியும் மெல்லிய ஒரு தடத்தில் கூடிய மின்னிறக்கம்தான். உடம்பெல்லாம் பரவி இருந்தபோது தெரியாத மின்னேற்றம், ஒரு புள்ளியில் கூடினால் மருந்தைப் பற்றவைத்துவிடும்.

டெஸ்டரைக் கழற்றிப் பார்த்தால் நியான் பல்புக்கு முன்னால் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். தொடுகிறவரைக் காப்பதும் அதுதான், பல்பில் மின்னோட்டம் கட்டுமீறாமல் பிடித்துவைப்பதும் அதுதான். கூடிய பிறகு தடுக்க நேரம் கிடைக்காது. ராம்சே, கென்ட்டி பெயரெல்லாம் அப்பா கேள்விப்பட்டதில்லை. ஆனால் எதை எங்கே கூட விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அந்தத் தகட்டைத் தொட்டார். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்தார்.