சத்தம் இல்லாத ஆபத்து: குழந்தையின் தொண்டையில் உணவு அடைத்துக்கொண்டால்...

குழந்தைக்குப் புரையேறினால் வீட்டுப் பெரியவர்கள் உச்சந்தலையில் தட்டுவார்கள். "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி ஒரு வாய் தண்ணீரும் கொடுப்பார்கள். பெரும்பாலும் குழந்தை நாலு முறை இருமிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விளையாடப் போய்விடும்.

சில வேளைகளில் இருமல் சத்தமே வராது. வாய் திறந்திருக்கும், கண்கள் விரிந்திருக்கும், அழ முயன்றாலும் குரல் எழாது. மூச்சுக்குழல் முழுவதும் அடைத்துக்கொண்டதற்கு இதுவே அடையாளம். அந்த நேரத்தில் தலையில் தட்டுவதும் தண்ணீர் கொடுப்பதும் பயன்படாது. மூளைக்குப் பிராணவாயு போவது நின்றால் 4 நிமிடங்கள் அளவிலேயே பாதிப்பு தொடங்கிவிடலாம். நகரத்திலேயே அந்த நேரத்திற்குள் ஆம்புலன்ஸ் வந்து சேர்வது கடினம். தோட்டத்து உள்சாலைகளில் இன்னும் தாமதமாகும். அதனால் குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பவர் தாயோ, பாட்டியோ, அண்ணனோ, குழந்தை பார்க்கும் அக்காவோ யாராக இருந்தாலும், செய்ய வேண்டியதை முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சிறு குழந்தைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

உணவு போகும் குழலும் மூச்சுக் காற்று போகும் குழலும் தொண்டையில் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தை சிரிக்கும்போதும் அழும்போதும் ஓடும்போதும் திடீரென்று மூச்சை உள்ளே இழுக்கும். வாயில் இருக்கும் உணவும் காற்றோடு சேர்ந்து தவறான வழியில் போய்விடும்.

சிறு குழந்தையின் மூச்சுக்குழல் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். உணவை அரைக்கும் கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்குப் பிறகே முளைக்கத் தொடங்கி, இரண்டரை வயது வாக்கில்தான் முழுமையாகின்றன. முன்பற்களால் கடித்து எடுக்கத் தெரிந்த குழந்தைக்கு அதை மென்று கூழாக்கத் தெரியாது. இருமித் தள்ளும் வலுவும் குறைவு. இதனால் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதிலும் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம்.

பெரிய பிள்ளைகளுக்கும் இது நேரலாம். 2025 பிப்ரவரியில் பினாங்கில் ஆரம்பப் பள்ளி மாணவர் ஒருவர் கண் விழி வடிவில் இருந்த கம்மி மிட்டாய் தொண்டையில் சிக்கி உயிரிழந்தார். அதன் பிறகு அந்த மிட்டாயின் விற்பனையைச் சுகாதார அமைச்சு தடை செய்தது.

நம் வீட்டுச் சமையலில் கவனிக்க வேண்டியவை

உருண்டையாக, வழுக்கலாக, கெட்டியாக இருக்கும் எதுவும் குழந்தையின் மூச்சுக்குழலைத் தக்கை போல அடைத்துவிடும். இவற்றை விலக்கி வைப்பதைவிட, வெட்டும் விதத்தையும் கொடுக்கும் விதத்தையும் மாற்றினாலே பலவற்றைப் பாதுகாப்பாகச் சாப்பிடச் செய்யலாம்.

ரம்புத்தான், மாத்தா கூச்சிங், டுக்கு, லங்சாட்: பழக்காலம் வந்தால் வாசலில் குலை குலையாகக் கிடக்கும். தோல் உரித்த ரம்புத்தான் வழுக்கிக்கொண்டு முழுசாகத் தொண்டைக்குள் இறங்கக்கூடியது. சிறு குழந்தைகளுக்குக் கொட்டையோடு கொடுக்கவே கூடாது. சதையைக் கொட்டையிலிருந்து பிரித்து, சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்க வேண்டும்.

திராட்சை, சிறு தக்காளி: குறுக்கே வெட்டினால் வட்ட வடிவம் மாறாது. நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும்.

சாசேஜ், மீன் உருண்டை: வட்ட வட்டமாக வெட்டும் வழக்கமே ஆபத்தானது. சாசேஜை நீளவாக்கில் பிளந்து, பிறகு பொடியாக நறுக்க வேண்டும். மீன் உருண்டையையும் சிறு சிறு துண்டுகளாக்க வேண்டும்.

வேர்க்கடலை, முந்திரி, பாதாம்: குழந்தைகளின் மூச்சுக்குழலிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பொருள்களில் கடலை முன்னணியில் இருக்கிறது. 5 வயது வரை முழுக் கடலையோ பருப்போ கொடுக்க வேண்டாம். கச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

கோயில் சுண்டல், கற்கண்டு: கொண்டைக்கடலையை நன்றாக வேகவைத்து, தோலை நீக்கி மசித்துக் கொடுக்கலாம். கற்கண்டும் கெட்டி மிட்டாயும் சிறு குழந்தைகளுக்கு வேண்டாம். திருமண வீட்டில் அன்போடு யாராவது குழந்தையின் வாயில் கற்கண்டைப் போடும்போது, தயங்காமல் தடுக்க வேண்டும்.

முறுக்கு, மிக்சர், பாப்கார்ன்: தீபாவளிக் காலத்தில் தட்டு தாழ்வான மேசை மீதே இருக்கும். தவழும் குழந்தைக்கும் தளர்நடை போடும் குழந்தைக்கும் எட்டாத உயரத்தில் அதை வைக்க வேண்டும்.

பச்சை கேரட், ஆப்பிள், தேங்காய்ச் சில்லு: கேரட்டை விரலால் நசுக்கும் அளவுக்கு வேகவைக்க வேண்டும். ஆப்பிளைத் துருவியோ வேகவைத்தோ கொடுக்கலாம். தேங்காய்ச் சில்லைத் தவிர்ப்பது நல்லது.

மீன்: எந்த மீனாக இருந்தாலும் விரலால் பிசைந்து பார்த்து, முள் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஊட்ட வேண்டும்.

ஜெல்லி: சிறு கிண்ணத்திலிருந்து வாயால் உறிஞ்சிச் சாப்பிடும் ஜெல்லி, முக்கியமாகக் கொன்யாக்கு கலந்தது, வாயில் எளிதில் கரைவதில்லை. உறிஞ்சும் வேகத்தில் நேராகத் தொண்டையை அடைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வகைக் கொன்யாக்கு ஜெல்லிக் கிண்ணங்கள் தடை செய்யப்பட்டுள்ளன.

உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம்

ஒரு கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு குழந்தையின் பின்னாலேயே ஓடி ஊட்டுவது நம் வீடுகளில் சகஜம். சாப்பிட மாட்டேன் என்று அழும் குழந்தையின் வாயில் ஒரு கவளத்தைத் திணிப்பதும் உண்டு. இரண்டையும் கைவிட வேண்டும். குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வாயில் இருப்பதை விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். படுத்துக்கொண்டும், காரில் போகும்போதும், மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டும் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. ஓட்டுகிறவரால் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது.

பால் போத்தலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, படுத்திருக்கும் குழந்தையைத் தனியாகக் குடிக்க விடுவதும் ஆபத்து. அண்ணன் அக்காமார் பாசத்தோடு தம்பி தங்கைக்குத் தங்கள் தின்பண்டத்தை ஊட்டிவிடுவார்கள். "என்னைக் கேட்காமல் பாப்பாவுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது" என்று அவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

உணவு அல்லாத பொருள்கள்

கிடைத்ததை வாயில் வைத்துப் பார்ப்பது குழந்தையின் இயல்பு. வீட்டில் எளிதாக ஒரு சோதனை செய்யலாம். கழிப்பறைத் தாள் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழலுக்குள் ஒரு பொருள் நுழையுமானால், அது 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் இருக்கக் கூடாது.

நாணயம், கோலிக்குண்டு, பேனா மூடி, தோட்டின் திருகாணி, மணி, பல்லாங்குழி ஆடும் புளியங்கொட்டை, சோழி ஆகியவை இந்தச் சோதனையில் சிக்கும். தாய்மார் தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கும் மடியில் இருக்கும் குழந்தையின் வாய்க்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிறந்தநாள் விழா முடிந்ததும் வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிப் போட வேண்டும். மெல்லிய ரப்பர் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகவும் கடினம்.

பொத்தான் வடிவ பேட்டரி தனி வகை ஆபத்து. ரிமோட், கை எடை பார்க்கும் கருவி, ஒளிரும் பொம்மை, தீபாவளிக்கு வாங்கும் மின் அகல்விளக்கு ஆகியவற்றில் இது இருக்கும். விழுங்கிய பேட்டரி உணவுக்குழலில் தங்கினால், 2 மணி நேரத்திற்குள்ளேயே அந்த இடத்தைக் கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடும். குழந்தை நன்றாக மூச்சு விட்டாலும், விழுங்கியதைக் கண்ணால் பார்க்காமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் குழந்தை இருமுகிறதா என்று பார்க்க வேண்டும். பலமாக இருமினால், அழுதால், பேசினால் காற்று போய் வருகிறது என்று பொருள். அப்போது முதுகில் தட்ட வேண்டாம். பக்கத்தில் இருந்து, இருமச் சொல்லிக் கவனித்தால் போதும். இருமல் ஓய்ந்து சத்தம் நின்றாலோ, உதடு நீலமானாலோ உடனே செயலில் இறங்க வேண்டும்.

1 வயதுக்கு உட்பட்ட குழந்தை: முன்கையின் மீது குப்புறக் கிடத்தி, தொடையில் அந்தக் கையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தாடையை விரல்களால் பிடித்துக்கொள்ள வேண்டும், கழுத்தை அழுத்தக் கூடாது. மற்றொரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். பொருள் வெளியே வராவிட்டால், தலை தாழ்ந்தபடியே மல்லாக்கத் திருப்பி, மார்புக் காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நெஞ்செலும்பின் மீது 5 முறை அழுத்த வேண்டும். இரண்டு விரல்களாலோ ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியாலோ அழுத்தலாம். இந்த வயதுக் குழந்தையின் வயிற்றை அழுத்தவே கூடாது. உள்ளுறுப்புகள் காயப்படும்.

1 வயதுக்கு மேற்பட்ட குழந்தை: முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். பிறகு குழந்தையின் பின்னால் மண்டியிட்டு, இரு கைகளாலும் அணைத்து, ஒரு கையை முட்டியாக மடக்கித் தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே வைக்க வேண்டும். மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வெடுக்கென்று இழுக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் 1974-இல் விளக்கிய முறை இது.

பொருள் வெளியே வரும் வரை, அல்லது குழந்தை அழும் வரை, ஐந்து தட்டல், ஐந்து அழுத்தம் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

குழந்தை நினைவிழந்தால்: தரையில் மல்லாக்கக் கிடத்தி, இதய இயக்க மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவே 30 முறை வேகமாக அழுத்தி, 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்பும் வாய்க்குள் பார்த்து, பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடக் கூடாது. அது இன்னும் ஆழமாக இறங்கிவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. "விழுங்கினால் இறங்கிவிடும்" என்று சோற்று உருண்டையோ வாழைப்பழமோ தண்ணீரோ கொடுக்கக் கூடாது.

மூச்சில்லாத குழந்தையை அப்படியே தூக்கி மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் பறப்பதுதான் பதற்றத்தில் பலரும் செய்வது. குழந்தைக்கு மிச்சமிருக்கும் சில நிமிடங்கள் அந்தப் பயணத்திலேயே கழிந்துவிடும். ஒருவர் முதலுதவி செய்ய, இன்னொருவர் 999-ஐ அழைக்க வேண்டும். தனியாக இருந்தால் கைப்பேசியின் ஒலிபெருக்கியை முடுக்கி, தரையில் வைத்துவிட்டுச் செய்யலாம். சிங்கப்பூரில் எண் 995.

அழைப்பை எடுப்பவரிடம் "அனாக் தெர்ச்செக்கிக், தாக் போலே பெர்னாஃபாஸ்" என்று சொன்னால், குழந்தைக்குத் தொண்டை அடைத்து மூச்சு வரவில்லை என்பது உடனே புரியும். பிறகு தோட்டத்தின் பெயர், டிவிஷன், வீட்டு எண், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது தமிழ்ப்பள்ளியின் பெயர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். வண்டிக்கு வழிகாட்ட ஒருவர் தோட்டத்து முகப்பில் போய் நிற்பது நல்லது.

பொருள் வெளியே வந்த பிறகும்

வயிற்றையோ நெஞ்சையோ அழுத்த நேர்ந்திருந்தால், குழந்தை சிரித்து விளையாடினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடலைத் துண்டு போன்றவை நுரையீரல் பக்கம் இறங்கித் தங்கிவிடுவதும் உண்டு. புரையேறிய சில நாள்களில் விடாத இருமல், ஒரு பக்கம் மட்டும் இளைப்புச் சத்தம், காய்ச்சல் என்று வந்தால், அன்று நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கடலை எக்ஸ்ரே படத்தில் நேரடியாகத் தெரியாது. பெற்றோர் சொல்லும் அந்த ஒரு தகவல்தான் மருத்துவருக்குத் துப்பு.

பழகிப் பார்த்தால்தான் கை வரும்

இந்த முதலுதவியைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, பொம்மையை வைத்துப் பழகிக்கொள்வது மேல். செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசிய செம்பிறைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி வகுப்புகளை நடத்துகின்றன. கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், குடியிருப்பாளர் சங்கம் ஆகியவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி அழைத்தால், ஒரே நாளில் பல குடும்பங்கள் பழகிக்கொள்ளலாம்.

முன்பு தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. பெற்றோர் வெளிக்காட்டு வேலைக்குப் போக, குழந்தைகள் ஆயாவின் கண்பார்வையில் இருந்தார்கள். இன்று அந்த இடத்தில் தாஸ்காவும், வீட்டில் பிள்ளை பார்ப்பவரும், பாட்டியும் இருக்கிறார்கள். குழந்தையை விட்டுச் செல்லும் முன், "தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போவதில் தவறில்லை. தெரியாது என்று பதில் வந்தால், அன்று மாலையே ஒரு பொம்மையை மடியில் வைத்து இருவரும் சேர்ந்து பழகிப் பார்க்கலாம்.