ஓர்க்கோலையும் ஒரு பழைய பிக்கப்பும்

தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கிறது. கிளட்ச் மிதிக்க வேண்டாத, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. முழங்கால் வலிக்கு அஞ்சி, பிறர் கைமாற்றி ஓட்டிய அந்த வண்டியை வாங்கினார். சென்ற கோடையில், உப்பு வாரும் மும்முரத்தில், அது மக்கர் செய்யத் தொடங்கிற்று. எஞ்சின் உறுமும், வண்டி நகராது. இரண்டு மூச்சு விடும் நேரம் கழித்துத் திடுக்கென்று பாயும். பாரம் ஏற்றினால் மூன்றாம் கியருக்குப் போக மறுக்கும். அவருடன் பட்டறைக்கு நாமும் சென்றிருந்தோம்.

மேஸ்திரி அளவுகோலை உருவித் துணியில் துடைத்து, நண்பரின் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருங்க அண்ணாச்சி. செவப்பா இருக்க வேண்டிய ஆயில் டீத்தண்ணி மாதிரி இருக்கு. கருகின வாடை. உள்ள பிளேட்டு வழுக்குது." பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்க ஆகும் செலவு வண்டியின் விலையில் பாதி. வேறு வழி கேட்டதற்கு அவர் சொன்னது: அடித்தட்டைக் கழற்றி, வடிகிற எண்ணெயை மட்டும் மாற்றி, வடிகட்டியும் புதிதாகப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம், முழு எண்ணெயையும் ஒரே நாளில் அலசி எடுத்தால், தேய்ந்த பெட்டி அன்றே படுத்துவிடவும் கூடும். பட்டறைதோறும் சொல்லப்படுவதுதான் இது. ஒரு பெட்டியின் உயிர் அதன் எண்ணெயில் இவ்வளவு ஒட்டிக்கொண்டிருப்பானேன் என்ற கேள்வி அங்கேதான் நமக்கு எழுந்தது. அதைத் துருவிக்கொண்டு போனபோது, பாதை நேரே கடலுக்குள் இறங்கியது.

இக்கருவி பிறந்ததே கப்பலுக்காகத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீராவிச் சுழலிகள் கப்பல்களுக்கு வந்தன. சுழலி வேகமாகச் சுற்றினால்தான் அதற்குத் திறன். கப்பலின் உந்தியோ மெதுவாகச் சுற்றினால்தான் நீரைத் தள்ளும். இரண்டையும் இணைப்பது எவ்வாறு? ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற செர்மானியப் பொறியாளர் 1905 இல் ஒரு விடைக்குக் காப்புரிமை பெற்றார். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுழலவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் திரவம். நடுவே திரவத்தைத் திருப்பிவிட அசையா இதழ்கள். பற்சக்கரம் ஏதும் பல்லோடு பல் கோக்காமலே விசை கடந்து செல்லும். வேகம் குறையும், இழுவை கூடும். இதற்கு மறு ஆண்டுதான் நம் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் என்பதை ஒரு காலக்குறிப்பாக மட்டும் சொல்லி வைக்கிறோம். இரண்டிற்கும் தொடர்பு கற்பிக்கும் எண்ணம் நமக்கில்லை.

விரைவிலேயே நல்ல பற்சக்கரங்கள் வந்து ஃபோட்டிங்கரின் கருவியைக் கப்பல்களிலிருந்து ஓரங்கட்டின. கடல் கைவிட்டதைத் தரை எடுத்துக்கொண்டது. முதலில் பேருந்துகளிலும் டெய்ம்லர் கார்களிலும் அதன் எளிய வடிவம் புகுந்தது. 1939 இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ராமேட்டிக்' என்ற தானியங்கிப் பெட்டியை அறிமுகப்படுத்திற்று. 1948 இல் பியூக் கார்கள் டார்க் கன்வெர்ட்டரையே ஏற்றன.

இனி எண்ணெய். இப்பெட்டிக்குள் எண்ணெய் செய்யும் வேலைகள் பல. விசையைக் கடத்த வேண்டும்; வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்; எல்லாவற்றினும் கடினமாக, கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பற்றும் கணத்தில் அதிர்வின்றிப் பற்றவும், பற்றியபின் வழுக்காதிருக்கவும் துணை செய்ய வேண்டும். மசகும் ஆக வேண்டும், பிடியும் கொடுக்க வேண்டும் என்பது ஏறத்தாழ முரண். அந்த முரணைத் தீர்த்த பொருள் திமிங்கலத்தின் தலையிலிருந்து வந்தது. ஸ்பெர்ம் திமிங்கலம் எனப்படும் எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெய், வேதியியல்படி கொழுப்பன்று, திரவ மெழுகு. சூட்டில் எளிதில் கெடாது. உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக நின்றுவிடும். இருபதாண்டுகளுக்கு மேல் அமெரிக்கக் கார்களின் கியர் எண்ணெயில் இது கலக்கப்பட்டது.

1970 இல் அமெரிக்க அரசு இவ்வகைத் திமிங்கலத்தை அழிவை நோக்கிய உயிரினமாக அறிவித்து, அதன் எண்ணெய் வரத்தை அடைத்தது. மாற்று எண்ணெய்கள் அவசரமாக வந்தன. அவற்றுள் தொடக்கத்தில் வந்த ஒன்று, குளிர்விப்பானின் குழாய் இணைப்புகளையே அரித்துத் தின்றது. அரிப்புத் தடுப்பான் சேர்த்து மீண்டும் வெளியிட வேண்டியதாயிற்று. பழுதான பெட்டிகள் அக்காலத்தில் பெருகியதற்குத் திமிங்கல எண்ணெய் நின்றதே காரணம் என்பார் உளர். அது முழுக் காரணமாகாது என்பது நம் கருத்து. எஞ்சின்களின் சூடு கூடியதும் அதே ஆண்டுகளில்தான்.

தமிழ் படித்த நமக்கு இங்கே வேறொன்று நினைவுக்கு வருகிறது. கடல்படு பொருள்கள் ஐந்து என்று பழைய உரைகாரர்கள் எண்ணுவர்: முத்து, பவளம், சங்கு, உப்பு, ஓர்க்கோலை. இந்த ஓர்க்கோலையே அம்பர்; அதே எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் விளைவது. கொற்கைக் கரை அதன் முத்தை அறிந்த அளவுக்கு இந்த விலங்கை அறிந்ததா என்பது ஐயமே. முத்துக்குளிப்பு 1961 உடன் நின்றது. உப்பு நிற்கவில்லை, நண்பரின் பிக்கப் சுமப்பது அதைத்தான். ஓர்க்கோலையோ இன்று வைத்திருந்தாலே குற்றம் என்னும் நிலைக்கு வந்து, இக்கரையில் காவல்துறையின் பறிமுதல் செய்திகளில் மட்டும் பெயர் காட்டுகிறது.

அமெரிக்காவில் மாற்று எண்ணெய் தேடிக்கொண்டிருந்த அதே 1973 இன் சனவரியில், தூத்துக்குடிக்குத் தெற்கே நம் கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கி இறந்தன. 2016 சனவரியில் மணப்பாடு, ஆலந்தலைப் பக்கம் மறுபடியும் எண்பதுக்கு மேல் ஒதுங்கின. இவை வேறு இனம், உருவில் சிறியவை, கியர் எண்ணெய்க்கும் இவற்றுக்கும் உறவில்லை. மீனவர்கள் நீரில் இறங்கிப் பலவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். அவற்றுட் சில திரும்பவும் கரைக்கே வந்தன.

நண்பர் பெட்டியைப் பிரிக்கவில்லை. அடித்தட்டைக் கழற்றியபோது அதனுள் இருந்த காந்தத்தில் இரும்புத்தூள் சேறுபோல் அப்பியிருந்தது. நிறுவனம் குறித்த வகை எண்ணெயையே ஊற்றி, இரு வாரம் விட்டு மறுபடி வடித்து ஊற்றினார்கள். தயக்கம் குறைந்தது; போய்விடவில்லை. இப்போது அவர் பாதிப் பாரமே ஏற்றுகிறார், உச்சிவெயிலில் ஓட்டுவதில்லை, ஏற்றமான இடங்களில் லீவரைத் தாமே இரண்டாம் கியரில் நிறுத்திக்கொள்கிறார். ஓட்டுநர் இருக்கையின் பின்னால் ஒரு லிட்டர் சிவப்பு எண்ணெய் எப்போதும் இருக்கிறது. இந்த வாரம் தொலைபேசியில் கேட்டோம். "இன்னும் ஓடுது" என்றார்.